பேற்றுக் குருதிப்பெருக்கும் மருத்துவப் பயிற்சியும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

திருச்சிராப்பள்ளி மலைக்கோயில் இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் பெயர் வந்தமைக்குச் செவ்வந்திப் புராணம் கூறும் கதை நம்மிடையே நன்கு அறியப்பட்டதொன்றாகும். பேறுகாலம் நெருங்கிய வணிகர்குலப் பெண்ணொருத்தி தன் தாயின் வரவை எதிர்நோக்கியிருக்கிறாள். காவிரி பெருக்கெடுத்து ஓடுகின்றது. தாய் மறுகரையில் தடைப்பட்டு நிற்கிறாள். அவ்வேளையில் இறைவன் அத்தாயின் வடிவிலே வந்து பேறு பார்க்கின்றான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்ததும் மறைந்து விடுகின்றான்.

பக்தி நோக்கில் இக்கதை இறைவனின் கருணையைப் புலப்படுத்துவது. இலக்கியத்தைச் சமூக உறவுகளின் வெளிப்பாடாகக் கொண்டு ஆராய்வோருக்கோ இதனுள் வேறொரு செய்தியும் உறைந்து கிடக்கின்றது. உதவிக்கு ஆள் வந்து சேராத பேறுகள் பலவற்றின் கசப்பான நினைவு இல்லாத ஒரு சமூகத்தில் இத்தகைய கதை தோன்றியிருக்க முடியாது. மேலும், இறைவன் இக்கதையிலே மந்திரத்தால் அற்புதம் எதனையும் நிகழ்த்தவில்லை. உரிய வேளையில் அருகே இருக்கிறான். கையினாற் செய்யவேண்டிய வேலையைச் செய்கிறான். மக்கள் கற்பனை இறைவனிடம் வேண்டி நின்றது ஒரு நல்ல மருத்துவிச்சியையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

பேற்றின் பின்னான குருதிப்பெருக்கினாற் பெண்கள் இறப்பதனைத் தடுப்பதற்கும், குருதிப்பெருக்கு ஏற்பட்டவிடத்து அதனைக் கட்டுப்படுத்துவதற்கும் மருத்துவமனை ஊழியரைப் பயிற்றுவிக்கும் முயற்சியின் வரலாற்றைச் சில கட்டங்கள் வாயிலாக நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இது மருத்துவருக்கு மாத்திரம் உரிய விடயம் எனச் சிலர் கருதலாம். ஆனால், அறிவு யாரிடம் தேங்குகின்றது, எம்மொழியில் வழங்குகின்றது, எக்கைகளுக்குச் சென்று சேர்கின்றது என்பன சமூக வரலாற்றின் வினாக்கள். இம்மரணங்களுட் பெரும்பாலானவை மருந்து கண்டறியப்படாமையால் நிகழ்ந்தவையல்ல. கண்டறியப்பட்ட அறிவுக்கும் பேறு பார்க்கும் கைக்கும் இடையே சமூகப் படிநிலை குறுக்கிட்டமையால் நிகழ்ந்தவை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

2

முதலில் இம்மரணத்தின் தன்மையைச் சுருக்கமாகத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடமொன்றுக்கு அரை லீற்றருக்கும் அதிகமான குருதி பாய்கின்றது. குழந்தை பிறந்து சூல்வித்தகம் கழன்றதும் அது பற்றியிருந்த இடத்திலுள்ள குருதிக்குழாய்கள் திறந்தபடி நிற்கின்றன. அவற்றை மூடுவது கருப்பைத் தசையே. தசைநார்கள் சுருங்கும்போது அவற்றினூடே செல்லும் குழாய்கள் நெரிக்கப்பட்டுக் குருதி நிற்கின்றது. தசை சுருங்காது சோர்ந்து விடுமாயின் மிகக் குறுகிய நேரத்திலேயே உயிராபத்து நேர்கின்றது. சூல்வித்தகத்தின் பகுதி உள்ளே தங்கிவிடல், பிறப்புவழி கிழிதல், குருதி உறையாமை ஆகியன ஏனைய காரணங்கள். எனினும் கருப்பைத் தசையின் சோர்வே இவற்றுள் மிகப் பெரும்பான்மையானது.

குருதிப்பெருக்குத் தொடங்கியதிலிருந்து மரணம் வரையான சராசரி இடைவெளி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இந்த இரண்டு மணித்தியாலங்களே நமது ஆய்வின் மையமாகும். பேற்றுக்காய்ச்சல் கொல்வதற்குப் பல நாட்களை எடுத்துக்கொள்ளும். தூரத்திலுள்ள மருத்துவரை அழைத்துவர அவகாசம் உண்டு. குருதிப்பெருக்கு அத்தகைய அவகாசத்தை அளிப்பதில்லை. ஆகவே அவ்வேளையில் அருகே நிற்பவள் யாரோ அவளது அறிவும், அவளுக்குள்ள அதிகாரமும், அவள் கைக்கெட்டும் தூரத்திலுள்ள பொருள்களுமே உயிரைத் தீர்மானிக்கின்றன. அவ்வாறு அருகே நிற்பவள் வரலாறு முழுவதிலும் பெரும்பாலும் சமூகத்தின் அடித்தட்டிலிருந்து வந்த பெண்ணாகவே இருந்துள்ளாள்.

கருப்பையைச் சுருங்கச் செய்யும் முதல் மருந்தின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. றை என்னும் தானியக் கதிரிற் படரும் எர்கொற் என்ற பூஞ்சணம் ஐரோப்பிய ஏழை மக்களின் ரொட்டியிற் கலந்து பன்னூற்றாண்டுகளாக அவர்களைக் கொன்றும் முடமாக்கியும் வந்தது. அதே பூஞ்சணம் பேற்று வலியைத் தூண்ட வல்லது என்பதைப் பேறு பார்க்கும் பெண்கள் அனுபவத்தால் அறிந்து வைத்திருந்தனர். 1582 இல் வெளியான அடம் லொனிற்சரின் மூலிகை நூல் இப்பயன்பாட்டைக் குறிப்பிடுகின்றது. ஆண் மருத்துவ உலகம் இதனை ஏற்றுக்கொள்வதற்கு 1808 இல் வெளியான அமெரிக்க மருத்துவர் ஜோன் ஸ்ரேர்ன்ஸின் கடிதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழந்தை பிறக்கும் முன்னர் அளவின்றிக் கொடுக்கப்பட்டதனால் இறந்து பிறந்த குழந்தைகள் பல. பின்னரே, பேற்றின் பின் குருதியை நிறுத்துவதற்கு மாத்திரம் இதனைப் பயன்படுத்தல் வேண்டும் என்ற எச்சரிக்கை எழுந்தது.

இன்னுமொரு நூற்றாண்டின் பின்னும் இதே முரண்பாடு வேறொரு வடிவில் தோன்றியது. எர்கொற்றின் நீர்ச்சாற்றிற் பயனுள்ள பொருள் எதுவுமில்லை என ஆய்வுகூட விற்பன்னர்கள் கருதியிருந்த காலத்திலும் பேறு பார்ப்போர் அதனைப் பயன்படுத்தி வந்தனர். 1932 இல் சசார் மொயர் அச்சாற்றின் ஆற்றலைக் கருப்பையின் அசைவுகளை நேரடியாக அளந்து நிறுவினார். 1935 இல் அவரும் வேதியியலாளர் டட்லியும் எர்கோமெற்றினைப் பிரித்தெடுத்தனர். நடைமுறையே கொள்கைக்கு வழிகாட்டிய இத்தகைய சந்தர்ப்பங்கள் விஞ்ஞான வரலாற்றிற் பலவுள. எனினும், புகழ் ஆய்வுகூடத்துக்கும் உழைப்பு பெயரற்ற பெண்களுக்கும் என்று பங்கிடப்பட்டமையும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

ஏனைய கண்டுபிடிப்புகளும் தொடர்ந்தன. பேற்றுக் குருதிப்பெருக்கினாற் பெண்கள் கண்முன்னே இறப்பதைக் கண்டு மனம் வருந்திய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் புளண்டெல் 1818 இலிருந்து மனிதக் குருதியை மனிதருக்கு ஏற்றும் முயற்சிகளில் ஈடுபட்டார். குருதி வகைகளை லான்ட்ஸ்ரைனர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்டறிந்த பின்னரே அம்முயற்சி பாதுகாப்பானதாயிற்று. கருப்பையைச் சுருக்கும் இயற்கைச் சுரப்பின் ஆற்றலை 1906 இல் ஹென்றி டேல் கண்டார். அதே சுரப்பான ஒக்சிற்றோசினை 1953 இல் டு விக்னோ செயற்கையாகத் தொகுத்து 1955 இல் நோபல் பரிசு பெற்றார். ஆக, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இம்மரணத்தைத் தடுப்பதற்கான அடிப்படைக் கருவிகள் அனைத்தும் மனித குலத்தின் கையில் இருந்தன. மனித குலத்தின் எப்பகுதியின் கையில் என்பதே வினா.

3

நமது மொழியிலேயே இவ்வினாவுக்குச் சான்றுண்டு. மருத்துவன் என்னும் சொல் சங்க நூல்களில் நோய் தீர்ப்போனைக் குறிக்கும் மதிப்புமிக்க சொல்லாகும். பிற்காலத் தமிழகராதிகளோ மருத்துவன் என்பதற்கு நாவிதன் என்னும் பொருளையும், மருத்துவச்சி என்பதற்குப் பேறு பார்ப்பவள், நாவிதச் சாதிப் பெண் என்னும் பொருள்களையும் தருகின்றன. உடலைத் தீண்டிச் செய்யும் வேலை, குருதியோடும் கழிவோடும் உறவாடும் வேலை, சாதியமைப்பினுள் இழிந்த வேலையாக ஒதுக்கப்பட்டமையையே இப்பொருள் மாற்றம் காட்டுகின்றது. ஏட்டு வைத்தியம் ஓரிடத்திலும் கை வைத்தியம் இன்னோரிடத்திலுமாகப் பிரிந்தன. பிறப்பு துடக்காயிற்று. வீட்டின் மிகவும் ஒதுக்குப்புறமான, காற்றும் வெளிச்சமும் குறைந்த பகுதியே பேற்றறையாயிற்று. உயிரைக் கையில் ஏந்தியவள் எழுத்தறிவுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டாள்.

இப்பின்னணியில் யாழ்ப்பாணத்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த ஒரு முயற்சி தனிக் கவனத்துக்குரியது. 1847 இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயைத் தளமாகக் கொண்டு உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். ஆங்கிலத்திற் பயின்றோர் ஊரை விட்டு உத்தியோகம் தேடிச் செல்வதனைக் கண்ட அவர், தமிழிற் கற்பித்தால் அவர்கள் தம் மக்களிடையே தங்கி வாழ்வர் எனத் தெளிந்து போதனையைத் தமிழுக்கு மாற்றினார். அவரது முயற்சியால் வெளிவந்த தமிழ் நூல்களுள் 1857 இல் வெளியான பிரசவ வைத்தியம் ஒன்றாகும். டப்ளின் நகர மருத்துவர் மோன்செலின் நூலைத் தழுவியது அது. தமிழிலே கலைச்சொல் ஆக்கம் பற்றிப் பேசுவோர் யாவரும் கிறீனை நன்றியுடன் நினைவுகூர்வர், அது தகும்.

ஆயினும் நன்றியுணர்வு ஆய்வின் கண்களை மறைத்தலாகாது. கிறீனின் பணி மதமாற்ற நோக்கத்தோடு பிணைந்திருந்தது என்பது பலராலும் கூறப்பட்டுள்ளது. அதனினும் நமது பொருளுக்கு நெருக்கமான வேறொன்றுண்டு. அவரிடம் மருத்துவம் பயின்றோர் ஆண்கள். யாழ்ப்பாணத்துப் பேற்றறைகளோ அந்நிய ஆடவர் கால் வைக்க முடியாதவை. பேற்றறையினுள் இருந்த மருத்துவிச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த மருத்துவனுக்குப் பேற்றறையினுள் இடமில்லை. அவன் அழைக்கப்படுவது நிலைமை முற்றிய பின்னரே. மொழித்தடை நீங்கிய போதிலும் சாதித்தடையும் பாற்றடையும் நீங்கவில்லை. பிரசவ வைத்தியம் தமிழில் அச்சேறியது. ஆனால் அது சென்று சேரவேண்டிய கை அந்நூலைத் தொடவேயில்லை. தாய்மொழிப் போதனை இன்றியமையாதது, ஆயின் அது மாத்திரம் போதுமானதன்று என்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது.

அம்முயற்சியும் நீடிக்கவில்லை. 1870 இல் கொழும்பில் தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே போதனை மொழியாகக் கொண்டது. பதவியும் அங்கீகாரமும் அதன் வழியே கிடைத்தன. 1873 இல் கிறீன் நாடு திரும்பிய பின்னர் தமிழ் வழி மருத்துவக் கல்வி படிப்படியாக அருகிற்று. பேற்றறைக்குள் பயிற்றப்பட்ட பெண்களை அனுப்பவேண்டும் என்னும் உணர்வு வேறு வழிகளில் வளர்ந்தது. 1879 இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டு மருத்துவிச்சிகளின் பயிற்சிக் களமாகவும் அமைந்தது. 1898 இல் இணுவிலிற் பெண்களுக்கென மக்கிளியொட் மருத்துவமனை தோன்றியது. இவை சிறு தொடக்கங்களே.

4

தீர்க்கமான மாற்றம் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாங் காற்பகுதியில் நிகழ்ந்தது. 1926 இல் றொக்கபெல்லர் நிறுவனத்தின் உதவியோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச்சட்டம் மருத்துவிச்சிகளின் பதிவுக்கும் வகை செய்தது. சுகாதாரப் பகுதி என்னும் அமைப்பிலே குறிப்பிட்ட ஒரு நிலப்பரப்புக்கும் அங்கு வாழும் தாய்மாருக்கும் பொறுப்பான ஒரு பயிற்றப்பட்ட மருத்துவிச்சி இருந்தாள். அவள் கர்ப்பிணியைத் தேடி வீட்டுக்குச் சென்றாள். தன் எல்லைக்கு அப்பாற்பட்ட நிலைமையைக் கண்டவிடத்து மருத்துவமனைக்கு அனுப்பினாள். அவளது கல்வி சிங்களத்திலும் தமிழிலும் நிகழ்ந்தது. கிறீனின் நூல் அடையாத கையை அரச ஊதியம் பெறும் ஒரு கிராமத்துப் பெண்ணின் வடிவில் அறிவு இவ்வாறு சென்றடைந்தது.

றொக்கபெல்லர் நிறுவனம் இலங்கைத் தாய்மார்மீது கொண்ட கருணையாலேயே இது நிகழ்ந்தது எனக் கொள்வது வரலாற்றைப் பிழைபட விளங்குவதாகும். அந்நிறுவனம் 1916 இல் இங்கு முதலிற் கையிட்டது கொக்கிப்புழு ஒழிப்பிலாகும். தோட்டத் தொழிலாளரின் உழைப்புத் திறனைக் கொக்கிப்புழு உறிஞ்சியமையே அதன் உடனடிக் கவலை. ஆனால் ஒரு சீர்திருத்தம் எந்நோக்கத்தோடு தொடங்கியது என்பது வேறு. மக்கள் அதனை எங்ஙனம் தமதாக்கிக் கொண்டனர் என்பது வேறு. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமையை அளித்தது. வாக்குக் கேட்டு ஊர்தோறும் சென்ற அரசியல்வாதியிடம் மக்கள் கேட்டவற்றுள் பாடசாலையும் பாதையும் மருத்துவமனையும் முதலிடம் பெற்றன. 1934-35 இன் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. அக்காலத்திற் சூரியமல் இயக்கத்தின் இடதுசாரித் தொண்டர்கள் நிவாரணப் பணியில் இறங்கி, நோயின் வேர் வறுமையிலுள்ளது என்பதை மக்கள் முன் வைத்தனர். அவ்வனுபவத்தின் பின்னணியிலேயே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது.

மலேரியாவுக்கும் பேற்றுக் குருதிப்பெருக்குக்கும் உள்ள தொடர்பு வெளிப்படையானது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் ஊட்டக்குறைவும் குருதிச்சோகையை உண்டாக்குகின்றன. உடலில் வலுவுள்ள பெண் தாங்கிக்கொள்ளும் அதே அளவு குருதியிழப்பு, குருதிச்சோகை கொண்ட பெண்ணுக்கு மரணமாகின்றது. மருத்துவ நூலில் ஒரே எண்ணாகத் தோன்றும் 500 மில்லிலீற்றர் என்னும் அளவு எல்லா உடல்களிலும் ஒன்றல்ல. வர்க்கம் உடலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றது.

இலங்கையில் 1930களில் நூறாயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000 இற்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950 அளவில் இது 500க்கும் 600க்கும் இடைப்பட்டதாகக் குறைந்தது. இருபத்தோராம் நூற்றாண்டில் 30 அளவுக்கு இறங்கியது. மலேரியாக் கட்டுப்பாடு, எர்கோமெற்றின், நுண்ணுயிர்க் கொல்லிகள், குருதி மாற்று வசதி, இலவசக் கல்வி, வீதிகள் ஆகிய அனைத்துக்கும் இதிற் பங்குண்டு. எந்த ஒன்றையும் தனித்துப் பிரித்துக் காரணமாக்குதல் இயக்கவியலுக்கு ஒவ்வாது. எனினும், வருமானம் குறைந்த ஒரு நாடு செல்வம் பெருகும்வரை காத்திராது இதனைச் சாதித்தமை, பயிற்றப்பட்ட மருத்துவிச்சியைப் பொதுச் செலவில் ஊர்தோறும் நிறுத்தியமையாலேயே இயன்றது என்பதை உலக ஆய்வாளரும் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

இச்சாதனையின் மறுபக்கத்தை மலையகத்திற் காணலாம். தோட்ட மருத்துவம் நெடுங்காலம் தோட்டத்துரையின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் முதலாகப் பல சட்டங்கள் இயற்றப்பட்டபோதும், லயத்துக் காம்பராவிற் பேறு கண்ட பெண்ணுக்குக் கிட்டியது ஒரு டிஸ்பென்சரியும் ஒரு கிழவியின் கைப்பழக்கமுமே. 1939 இல் பேற்றுச் சகாயச் சட்டம் வந்தது. 1948 இற் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. கிராமத்துப் பெண்ணுக்கு மருத்துவிச்சியைப் பெற்றுத்தந்த வாக்கு அவர்களிடமிருந்து பறிபோயிற்று. அரச சுகாதார சேவை தோட்டங்களைத் தழுவத் தொடங்கியது 1970களில், 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களின் பின்னரேயாகும். நாட்டின் சராசரி எண்கள் பெருமை தந்த காலத்திலும் தோட்டப் பெண்ணின் மரண வீதம் அச்சராசரிக்கு மேலேயே நின்றது. கொழுந்துக் கூடையைச் சுமந்த உடலின் குருதிச்சோகையும், மலைப்பாதையின் தூரமும், மொழி அறியாத மருத்துவமனையும் சேர்ந்து அந்த இரண்டு மணித்தியாலங்களை விழுங்கின. சராசரி என்பது பல வேளைகளில் வர்க்க உண்மையை மறைக்கும் திரை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

5

பெரும்பாலான பேறுகள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாறிய பின்னர் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக எண்ணப்பட்டது. உண்மையில் அது இடம் மாறியதேயன்றித் தீரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பெண்கள் பேற்றுக் குருதிப்பெருக்குக்கு ஆளாகினர். ஏறத்தாழ 70,000 பேர் இறந்தனர். இவர்களுட் பலர் மருத்துவமனைக் கட்டிலிலேயே இறக்கின்றனர். தாதியர் சூழ்ந்திருக்கும் கட்டிலில் ஏன் இவ்வாறு நிகழ்கின்றது?

முதற் காரணம் காணாமை. ஊறிய துணியையும் நிலத்திற் சிந்திய குருதியையும் கண்ணால் மதிப்பிடும்போது இழப்பின் அளவு குறைத்தே கணிக்கப்படுகின்றது என்பது பலமுறை நிறுவப்பட்டதாகும். இரண்டாவது காரணம் காத்திருத்தல். ஒரு மருந்தைக் கொடுத்து, பலனைப் பார்த்து, பின்னர் மற்றொன்றை நாடி, இடையிலே மேலதிகாரியின் அனுமதியை எதிர்நோக்கி நிற்கும் வழக்கம் மருத்துவமனைகளில் வேரூன்றியிருந்தது. கண்முன்னே குருதி பாயும்போது ஒரு தாதி செயலிழந்து நிற்பாளாயின் அதனை அவளது அறியாமை என்று கூறிவிடலாகாது. மருத்துவர் கட்டளையிடத் தாதி நிறைவேற்றும் உழைப்புப் பிரிவினையே அவளை அவ்வாறு பயிற்றி வைத்துள்ளது.

இப்பிரிவினையை உடைத்தவிடத்துப் பலன் கிட்டியமைக்கு அண்மைக்கால ஆய்வுகள் சான்று பகர்கின்றன. கர்நாடகத்துப் பெல்காம் மாவட்டக் கிராமங்களில் துணைத் தாதி மருத்துவிச்சிகளின் கையில் மிசோபுறொஸ்ரோல் மாத்திரை கொடுக்கப்பட்டது. ஊசியும் குளிரூட்டியும் வேண்டாத மருந்து அது. 1,620 பெண்களிடை நடாத்தப்பெற்று 2006 இல் வெளியான அவ்வாய்வில் குருதிப்பெருக்கு 12 வீதத்திலிருந்து 6.4 வீதமாகக் குறைந்தது. மருத்துவர் எவரும் இல்லாத இடத்தில் இது சாத்தியமாயிற்று.

ஜப்பானிய ஆய்வாளர் உற்றாக்கோ ஒகாமொற்றோவின் கதை இன்னும் கூர்மையானது. குருதி உறைவைப் பேணும் திரனெக்சாமிக் அமிலத்தை அவரும் கணவர் ஷொசுக்கேயும் கண்டறிந்து 1962 இல் வெளியிட்டனர். பேற்றுக் குருதிப்பெருக்கில் அதனைப் பரீட்சிக்குமாறு அவர் வேண்டியபோது மகப்பேற்று மருத்துவர்கள் முன்வரவில்லை. பெண்ணொருத்தியின் சொல்லுக்கு ஆய்வுலகில் இருந்த மதிப்பு அவ்வளவே. 21 நாடுகளில் 20,060 பெண்களிடை நடாத்தப்பட்ட பெரும் பரீட்சை அவரது கருத்தை உறுதிப்படுத்தி 2017 இல் வெளிவந்தது. முதல் மூன்று மணித்தியாலங்களுள் கொடுக்கப்படின் அம்மருந்து குருதிப்பெருக்கினாலான மரணத்தைக் குறைக்கின்றது என அது காட்டிற்று. ஒகாமொற்றோ அதற்கு முந்திய ஆண்டிற் காலமாகிவிட்டார். இடைப்பட்ட 55 ஆண்டுகளில் இறந்த பெண்களை எந்த அட்டவணையும் தனியே எண்ணவில்லை.

ஊழியர் பயிற்சி என்னும் நமது பொருளுக்கு மிக நெருங்கியது, கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நிகழ்ந்து 2023 இல் முடிவு வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வாகும். 210,132 பேறுகளை அது உள்ளடக்கியது. அங்கு புதிய மருந்து எதுவும் புகுத்தப்படவில்லை. அளவுக் குறியிட்ட எளிய பை ஒன்று தாயின் கீழ் விரிக்கப்பட்டுக் குருதி அளக்கப்பட்டது. எல்லை தாண்டியதும் கருப்பையைத் தடவிவிடல், ஒக்சிற்றோசின், திரனெக்சாமிக் அமிலம், நாளவழித் திரவம், கிழிவு முதலியவற்றைத் தேடும் பரிசோதனை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராது ஒருசேரத் தொடங்கப்பட்டன. வேண்டிய பொருள்கள் ஒரே இடத்தில் தயாராக வைக்கப்பட்டன. ஊழியர்கள் தமது பணியிடத்திலேயே கூட்டாக ஒத்திகை செய்து பயின்றனர். பேற்றறை மருத்துவிச்சிகளே இதனைத் தொடங்கி நடத்தினர். வழமையான முறையில் குருதிப்பெருக்குகளுட் பாதியளவே, அதாவது 51.1 வீதமே, கண்டறியப்பட்டன. புதிய முறையில் 93.1 வீதம் கண்டறியப்பட்டன. முழுச் சிகிச்சையும் கிடைத்தோர் 19.4 வீதத்திலிருந்து 91.2 வீதமாயினர். கடும் குருதிப்பெருக்கு, அதற்கான வயிற்றறுவை, அதனாலான மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த அளவு 4.3 வீதத்துக்குப் பதிலாக 1.6 வீதமாக இருந்தது.

இவ்வெண்களின் பொருளை ஆழ்ந்து நோக்கல் வேண்டும். இரு தரப்பு மருத்துவமனைகளிலும் பொதுவான மருந்துகள் பெரும்பாலும் முன்னரே வழக்கிலிருந்தவை. உழைப்பு ஒழுங்கமைக்கப்பட்ட முறையே வேறுபட்டது. அளக்கும் கருவி தாதியின் கண்ணுக்கு அதிகாரம் அளித்தது. இத்தனை மில்லிலீற்றர் என்று கூறும் மருத்துவிச்சியின் சொல்லை மேலதிகாரி எவரும் மிகையென்று தள்ள முடியாது. முன்னரே உடன்பட்ட விதி அவளது கைக்கு அதிகாரம் அளித்தது. அவள் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. பயிற்சி என்பது வெற்றியளித்தவிடத்திலெல்லாம் அறிவைப் பகிர்ந்ததோடு அதிகாரத்தையும் பகிர்ந்தே வெற்றியளித்திருக்கின்றது.

6

முடிவாக ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்தல் அவசியமாகும். பயிற்சி என்னும் சொல் இன்று உதவி நிறுவனங்களின் அறிக்கைகளில் மலிந்து கிடக்கின்றது. மருந்து வாங்குவதினும், தாதியரின் தொகையைக் கூட்டுவதினும், பாதை போடுவதினும் பயிலரங்கு நடத்துவது மலிவானது. ஒக்சிற்றோசின் 2 முதல் 8 பாகை வரையான குளிரிற் பேணப்பட வேண்டியது. மின்சாரம் அறுந்து போகும் மருத்துவமனையில் அது வலுவிழந்த நீராகிவிடும். அந்நீரை ஏற்றிய தாதி, பெண் இறந்ததும், சரியாகப் பயிலாதவள் எனக் குற்றஞ் சாட்டப்படுகின்றாள். வெப்பத்தைத் தாங்கும் காபெற்றோசின் பயனில் ஒக்சிற்றோசினுக்குக் குறைந்ததல்ல என 2018 இல் நிறுவப்பட்டது. ஆயினும் கண்டுபிடிப்பு வேறு, அது உரிய கைக்குக் கிட்டுதல் வேறு என்பதை மேலே கண்ட வரலாறு முழுவதும் கூறுகின்றது. அரசின் தவறு தனி ஊழியரின் தவறாக உருமாற்றப்படும்போது பயிற்சி என்னும் சொல் ஒரு கருத்தியல் முகமூடியாகின்றது. தோல்விக்குப் பொறுப்பாளியைத் தேடாது காரணத்தைத் தேடும் விசாரணையே பயன் தரும். ஒவ்வொரு தாய் மரணத்தையும் அவ்வாறு ஆராயும் மரபு இலங்கைச் சுகாதார சேவையில் வளர்ந்தமை பேணத்தக்கதாகும்.

நமது நாட்டில் இவ்விடயம் வெறும் வரலாறாகி விடவில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் வடக்கு, கிழக்கு மருத்துவமனைகளில் மருந்தையும் ஊழியரையும் போக்குவரத்தையும் அருக்கியது. மூடப்பட்ட பாதை காவிரி வெள்ளத்தின் வேலையைச் செய்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடி மருந்துத் தட்டுப்பாட்டைக் கொணர்ந்ததோடு, பயிற்றப்பட்ட மருத்துவரையும் தாதியரையும் நாட்டை விட்டும் துரத்தியது. ஒரு மருத்துவிச்சியின் கையில் ஒரு நூற்றாண்டுக் காலச் சமூகச் சேமிப்பு இருக்கின்றது. 1926 இன் களுத்துறையும், 1931 இன் வாக்கும், 1935 இன் எர்கோமெற்றினும் அந்தக் கையில் ஒன்றுசேர்ந்துள்ளன. அந்தக் கை வறிய நாட்டிலே பயின்று செல்வந்த நாட்டிலே உழைக்கும்போது நிகழ்வது மூலதனத்தின் பழைய வழக்கமே. முன்னர் கொழுந்து ஏற்றுமதியாயிற்று. பின்னர் கொழுந்து பறித்தவளின் பேற்றைப் பார்க்கவேண்டியவளும் ஏற்றுமதியானாள்.

2025 இல் உலக சுகாதார நிறுவனம் புதிய வழிகாட்டலை வெளியிட்டு, 500 மில்லிலீற்றர் வரை காத்திராது, 300 மில்லிலீற்றர் இழப்போடு நாடித்துடிப்போ குருதியழுத்தமோ வழுவுமாயின் உடனே செயற்படுமாறு கூறியுள்ளது. குருதிச்சோகை கொண்ட ஏழைப் பெண்ணின் உடலை அளவுகோல் கணக்கில் எடுக்கத் தொடங்கியிருக்கின்றது எனலாம். இவ்வழிகாட்டலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு பேற்றறைக்கும் கொண்டு செல்வதும், அதனை நிறைவேற்றும் அதிகாரத்தை மருத்துவிச்சிக்கு அளிப்பதும், அவளது கைக்கெட்டும் தூரத்தில் மருந்தையும் குருதியையும் வைப்பதும் அரசின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை. கிறீனின் நூற்றாண்டு அறிவைத் தமிழாக்கியது. அடுத்த நூற்றாண்டு அதனை ஊருக்குள் கொணர்ந்தது. அவ்வறிவை லயத்துக் கதவு வரை கொண்டு செல்லும் பணி இன்னும் நிறைவேறாதுள்ளது.

தாயுமானவர் கதையை உருவாக்கிய மக்கள் வெள்ளத்தைக் கடக்கும் வழியறியாது இறைவனைத் தாயாக்கினர். ஆற்றுக்குப் பாலம் அமைக்கவும், அக்கரையிலும் இக்கரையிலும் பயிற்றப்பட்ட கைகளை நிறுத்தவும் நாம் அறிவோம். அறிந்தும் செய்யாதிருப்பின், அதன் பின் நிகழும் மரணம் எதனையும் விதியென்று கூறுவதற்கு நமக்கு உரிமையில்லை.